காணாமல் போன ஒரு சென்ட்

அன்பு மாப்பிள்ளை தமிழ்செல்வனுக்கு, பெரக்கரை நாட்டிலிருந்து உன் மாமன் ராசப்பன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உன் அத்தையும் மிளகுக் கொடியும் சுகம். பெங்களூரில் நீயும் உன் கம்ப்யூட்டரும் சுகமாக இருக்க அறப்பளீஸ்வரரை வேண்டுகிறேன். என் நிலம்தான் சுகமாக இல்லை. போனில் திட்டினால் பாதியில் சிக்னல் போய்விடுகிறது, அதனால்தான் கடிதம்.

நம் ஊர் விவசாயிகள் குழுவுக்கு ஒரு ஆப் செய்து கொடுத்தாயே, அதில் என் நிலத்தை ஏற்றினார்கள். பத்திரத்தில் ஒரு ஏக்கர் பதினைந்து சென்ட். குழுவில் கம்ப்யூட்டர் பார்க்கும் மைதிலி என் கண் முன்னால்தான் 1.15 என்று தட்டினாள். வெளியே வந்த தாளில் 114 சென்ட்! ஒரு சென்ட் எங்கேம்மா என்றால், "தெரியலீங்க, ஆப் அப்படித்தான் காட்டுது" என்கிறாள். அந்தத் தாளைப் பக்கத்து நிலத்துக்காரன், என் பங்காளி குப்புசாமி பார்த்துத் தொலைத்தான். "அப்ப அந்த ஒரு சென்ட் என்னுதுங்கண்ணா" என்று சொல்லி, வரப்போரத்தில் நிற்கும் என் பலாமரத்தில் தன்னுடையது என்று கயிற்றைக் கட்டிவிட்டான். பழம் பழுத்துத் தொங்குது, நான் கீழே நின்னு அண்ணாந்து பாத்துக்கிட்டிருக்கேன். வயிறு எரியுது மாப்ளே.

உனக்குப் போன் போட்டா நீ என்ன சொன்னே? "மாமா, கம்ப்யூட்டரால 1.15ஐ அப்படியே முழுசா வச்சுக்க முடியாதுங்க. சென்ட்டாக்க நூறால பெருக்குனா 114.99999ன்னு வரும். முழு எண்ணா மாத்தறப்ப புள்ளிக்குப் பின்னாடி இருக்கறதெல்லாம் வெட்டிப் போயிரும்." ஏஞ்சாமி, பேளுக்குறிச்சிச் சந்தையிலே நிறுக்கறவன்கூட ஒரு மிளகு குறையுதுன்னு ஒரு கிலோவையே இல்லைன்னு சொல்லமாட்டானே! நாலு மிளகைக் கிள்ளிப் போட்டு முழுசாக்கித் தருவான். அந்தப் புத்தி உன் மிஷினுக்கு ஏன் இல்லை? இதுக்கா உன்னை அத்தனை படிக்க வச்சோம்?

குப்புசாமி அடுத்த வாரம் சர்வேயரைக் கூட்டிக்கிட்டு வாரானாம். வரட்டும்! சங்கிலி போட்டா அவன் சாயம் வெளுத்துரும். அதுக்குள்ள நீ ஆப்பைச் சரிபண்ணி 115ன்னு காட்ட வச்சிரு. இல்லேன்னா நோம்பி பண்டிகைக்கு இந்த ஊட்டுப் பக்கம் வராதே.

மற்றபடி, நேரத்துக்குச் சாப்பிடு, கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே என்று அத்தை சொல்லச் சொன்னாள். எங்கள் ஆசி உனக்கு எப்போதும் உண்டு. முதல் பலாப்பழம் உனக்குத்தான், பஸ்ஸில் ஏற்றிவிடுகிறேன்.

இப்படிக்கு,
நூற்றுப் பதினைந்து சென்ட்டுக்கும் சொந்தக்காரன்,
மாமன் ராசப்பன்.

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள் சர்வேயர் இன்றைக்கே வந்துவிட்டார். சங்கிலி போட்டு அளந்தார். நூற்றுப் பதின்மூன்றுதானாம். பலாமரமும் குப்புசாமி பக்கம் போய்விட்டது, பழம் வராது. நீ எதையும் சரிபண்ணிராதே சாமி. உன் கம்ப்யூட்டர் ஒண்ணுதான் இன்னும் எனக்கு ஒரு சென்ட் கூடப் போட்டுத் தருது.