எந்த நாளிலும் எழுதலாம்

மேற்படிப்புக்கான நுழைவுத் தேர்வை வருடத்துக்கு ஒரே நாள் நடத்திய காலத்தில், ஊரே விழுந்தடித்துக்கொண்டு போய் எழுதியது. இது மக்களுக்குச் சிரமம் என்று கண்ட அரசாங்கம், பொதுநலன் கருதி, "இனி எந்த வேலை நாளிலும் அடையாள அட்டையோடு வந்து எழுதலாம்" என்று ஆணை பிறப்பித்தது. அன்றோடு எழுதுவது நின்றுபோயிற்று. நாளைக்கும் எழுதலாம் என்றால் இன்றைக்கு என்ன அவசரம்?

எழுதாதவர்களில் நான் மூத்தவன். ஆகவே குடும்பத்தில் இந்த விஷயத்துக்கு நான்தான் அதிகாரி. இத்தனை வருடத்தில் நான் ஒரு தடவைகூடத் தோற்றதில்லை என்று என் மனைவியே நாலு பேரிடம் சொல்வாள். சொல்லும் தொனிதான் கொஞ்சம் சரியிருக்காது.

அவள் தங்கை தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். சோதிப்பது அவள், கையெழுத்துப் போடுவது மேற்படிப்பு படித்த மேலதிகாரி. அவர் விடுப்பில் போனால் முடிவு மேசையிலேயே கிடக்கும். தெருக்காரர்கள் அந்தத் தண்ணீரையே குடித்துக்கொண்டிருப்பார்கள்.

"என் சோதனைக்கு நானே கையெழுத்துப் போடணும் அத்தான். அடுத்த வாரம் எழுதிடறேன்" என்று வந்து நின்றாள்.

எனக்குப் பகீரென்றது. "அடுத்த வாரமா? யாரைக் கேட்டு?"

கையோடு அவளைத் தேர்வு நாள் ஆலோசனைப் பிரிவுக்கு அழைத்துப் போனேன். எந்த நாளில் எழுதுவதென்று புரியாமல் மக்கள் திண்டாடுவதைக் கண்டு மனமிரங்கி, தேர்வுக்கூடத்தின் கீழ்த்தளத்தில் அரசாங்கமே திறந்துவைத்த பிரிவு அது. அதிகாரி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"படிச்சிட்டீங்களா?"

"படிச்சிட்டேன் சார். தயாராத்தான் இருக்கேன்."

"தயார்னு சொல்றவங்க தயாரா இருக்க மாட்டாங்க. அது எங்க அனுபவம்."

"அப்ப தயாரில்லைன்னு வெச்சுக்குங்க."

"பாத்தீங்களா? நீங்களே ஒத்துக்கறீங்க."

நான் அசந்துபோனேன். என்ன தெளிவு!

"நீங்க எந்த மாசம் சார் எழுதினீங்க?" என்று கேட்டாள் மைத்துனி.

"நானா? இன்னும் எழுதலைம்மா. எழுதற வரைக்கும் இருக்கட்டுமேன்னு இந்த வேலையில சேர்ந்தேன். வர்ற மாசம் ஓய்வு. அப்புறம் நிதானமா உக்காந்து முடிவு பண்ணணும்."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "தாகமா இருக்கு. தண்ணி எங்க சார்?"

"மாடியில."

அவள் போனாள். கோடையில் எழுதினால் வியர்க்கும், மழையில் எழுதினால் தூக்கம் வரும் என்பது வரைக்கும் நாங்கள் இருவரும் அலசினோம். சாயங்காலம்தான் இறங்கி வந்தாள்.

"தண்ணி கேனைத் தேர்வுக்கூடத்துக்குள்ள வெச்சிருக்காங்க அத்தான். கண்காணிப்பாளர் தனியா உக்காந்து கொட்டாவி விட்டுக்கிட்டிருந்தார். என்னைக் கண்டதும் ஓடி வந்து நாற்காலியைத் துடைச்சுப் போட்டார். பாவமா இருந்துச்சு. கழுத்துல அடையாள அட்டையும் தொங்குது. எழுதிட்டேன்."

தேறியும் விட்டாள்.

பிரிவில் பெருங்குழப்பம். ஆலோசனை இல்லாமலே ஒருத்தி தேறிவிட்டால் ஆலோசனைப் பிரிவு எதற்கு? நல்லவேளை, அதிகாரி கெட்டிக்காரர். "மாடியில" என்று தாம் சொன்னதுதான் ஆலோசனை என்று மேலிடத்துக்கு விளக்கினார். எழுதியவர் ஒருவர், தேறியவர் ஒருவர். ஆக நூற்றுக்கு நூறு வெற்றி. அவருக்குப் பதவி நீட்டிப்பு கிடைத்தது.

செய்தி பரவியதும், தாகத்தோடு போனால் தேறலாம் என்று ஊருக்கே பைத்தியம் பிடித்துவிட்டது. இளைஞர்கள் காலி பாட்டிலும் கையுமாகத் திரிந்தார்கள். காலத்தின் தேவையறிந்து நான் தாகப் பயிற்சி நிலையம் தொடங்கினேன்.

மைத்துனி மேற்படிப்பைப் படித்து முடித்தாள். அவள் போட்ட முதல் கையெழுத்து எங்கள் நிலையத்துக் குழாய்த் தண்ணீருக்கு: 'குடிக்க உகந்தது.' அதைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறேன். விளையாட்டில்லை, அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"நீங்க எப்ப அத்தான் எழுதப் போறீங்க?" என்று கேட்டாள், மாட்டிய அன்று.

"சரியான தாகம் வரட்டும்மா."

அவள் ஒரு தம்ளர் தண்ணீரை என் முன்னால் வைத்துவிட்டுப் போனாள்.

பயிற்சியில் எந்த வேலை நாளிலும் சேரலாம் என்று வாசலில் எழுதிப் போட்டிருக்கிறேன். நல்ல கூட்டம். எல்லோரும் வந்து, எப்போது சேர்ந்தால் நல்லது என்று கேட்டுவிட்டுப் போகிறார்கள்.