இயக்குநர் இடுப்பில் ஒரு கோப்பு

காகித விரயத்தைக் குறைப்பது பற்றிய சுற்றறிக்கையை இருநூற்றுப் பதினாறு பிரதிகள் அச்சடித்து, ஆளுக்கொன்று கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குத் தனித் தாளில் கையெழுத்தும் வாங்கியது அந்த அலுவலகம். இயக்குநர் ஹவாய்த் தீவில் பத்து நாள் பயிற்சி முடித்துத் திரும்பியிருந்த நேரம். அவர் அங்கே கற்றது இரண்டாம் பத்தியில் இருந்தது: வரும் வெள்ளிக்கிழமை ஊழியர் அனைவரும், பயன்படுத்திய காகிதப் பைகளால் தம் இல்லத்தில் தயாரித்த, ஹவாய் நடனக்காரர்கள் கட்டும் புல் பாவாடை போன்ற ஹூலா பாவாடையை வழக்கமான உடைக்கு மேல் அணிந்து வருதல் வேண்டும். நாள் முழுதும் கழற்றலாகாது.

பதிவறை எழுத்தர் இதைப் படித்துச் சிரிக்கவில்லை. சிரிக்கும் நிலையில் அவர் இல்லை. மனைவிக்கு வேறு ஊரில் வேலை. பத்து மாதக் குழந்தையும் அவளோடு. அப்பா எங்கே என்று கேட்டால் குழந்தை கைப்பேசியைக் காட்டுகிறது. அந்த ஊருக்கு மாறுதல் கேட்ட அவருடைய மனு இயக்குநரின் மேசையில் ஒற்றைக் கையெழுத்துக்காகக் காத்திருந்தது.

அந்த அலுவலகத்தில் கோப்புக்கு அட்டை கிடையாது. ஒவ்வொரு மனுவுக்கும் ஒரு பழுப்புக் காகிதப் பை. மனுவும் குறிப்பும் பையின் மேல், ஆணையும் பையின் மேல். பை மேல் எழுதாதது நடக்காததற்குச் சமம்.

“பாவாடை கட்டாதவங்க கோப்பு நகராதுய்யா, பார்த்துக்க,” என்றார் கண்காணிப்பாளர்.

எழுத்தர் கடைக்கு ஓடினார். பை மட்டும் தரமாட்டார்களாம். ஆறு பைக்காக ஆறு முறை வெங்காயம் வாங்கினார். மாலையில் மனைவி கைப்பேசியில் வழிநடத்தினாள்.

“அடியை வெட்டி எடுத்துட்டு, பக்கத்துல கிழிச்சு விரிங்க. மேல நாலு விரல் மடிச்சுக்கங்க, அதுதான் இடுப்புப் பட்டி. கீழ இருந்து பட்டி வரைக்கும் நாடா நாடாவா வெட்டுங்க. அய்யோ, பட்டியை வெட்டாதீங்க!”

“வெட்டிட்டேனே.”

“சரி, அடுத்த பையை எடுங்க. நறுக்கினதும் நல்லா கசக்குங்க, அப்பதான் புல்லு மாதிரி சலசலக்கும்.”

வியாழக்கிழமை முன்னாய்வு.

“இது பயன்படுத்தின பைதானா?” என்றார் கண்காணிப்பாளர்.

“ஆமா சார், வெங்காயம் வாங்கினது.”

“வெங்காயம் எங்க?”

“தின்னாச்சு சார்.”

“அப்ப எதை வச்சு நம்புறது?”

எழுத்தர் வீட்டுக்குப் போய் வெங்காயத் தோலைப் பொறுக்கி வந்து, அத்தாட்சியாகப் பாவாடையில் குண்டூசியால் இணைத்தார். ஏற்கப்பட்டது.

வெள்ளிக்கிழமை, பொதுமக்கள் வாசலில் நிறுத்தப்பட்டனர். உள்ளே இருநூற்றுச் சொச்சம் பேர் சலசலத்தார்கள். பத்தரை மணிக்கு இயக்குநர் வந்தார். அவர் பாவாடை மற்றவர்களுடையதைவிட அடர்த்தி. ஒவ்வொரு நாடாவிலும் முத்திரை வேறு.

“சாருக்கு நான்தான் செஞ்சேன், என் வீட்டுலயே,” என்றார் கண்காணிப்பாளர். “சார் மேசையில இருந்த பைங்கதான். பயன்படுத்தினதுக்கு முத்திரையே அத்தாட்சி. வெங்காயத் தோல் தேவையில்லை பாரு!”

எழுத்தருக்குத் தூக்கிவாரிப் போட்டது. இயக்குநரின் இடது இடுப்பில், அகலமான ஒரு நாடாவில், எழுத்தரின் சொந்தக் கையெழுத்தில் ‘குழந்தைக்குப் பத்து மாதம்’ என்று ஆடிக்கொண்டிருந்தது.

“சார், என் மாறுதல்...”

“கோப்பு இல்லாம கையெழுத்து எப்படிப் போடுறது?”

“கோப்பு உங்க இடுப்புல இருக்குங்க சார்.”

இயக்குநர் குனிந்து பார்த்தார். உண்மைதான். கழற்றலாம் என்றால் சுற்றறிக்கை தடுத்தது. நாடாவைக் கத்தரிக்கலாம் என்றால், கிழிந்த ஆணை செல்லாது.

“பை மேல கையெழுத்து போடணும்னுதான் விதி. பை எங்க இருக்கணும்னு விதி இல்லை,” என்றார் கண்காணிப்பாளர்.

எழுத்தர் குனிந்து முதுகைக் கொடுத்தார். அதன்மேல் நாடாவை விரித்து இயக்குநர் ஒப்பமிட்டார். முத்திரை முதுகெலும்பில் ‘ணங்’கென்று விழுந்தது. எழுத்தருக்கு வலிக்கவில்லை, அழுகைதான் வந்தது.

மாலை ஐந்தரைக்குப் பாவாடை கழன்றது. நாடாவைப் பிரிக்க முடியாததால் முழுப் பாவாடையையும் எழுத்தரிடமே ஒப்படைத்தார்கள். திங்கட்கிழமை புதிய அலுவலகத்தில் அதைப் பரிசீலித்து, ஆணை எண்ணைக் குறித்துக்கொண்டு, பாவாடை வைக்க அலமாரி இல்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

அன்று மாலை மனைவி இருந்த வீட்டில் குழந்தை முதலில் அவரைக் கண்டு அலறியது. பாவாடையின் சலசலப்பு கேட்டதும் அழுகையை நிறுத்தி, அவர் மடியில் வந்து உட்கார்ந்தது. ஒரு நாடாவைப் பிய்த்தது. பிறகு இன்னொன்று. அவருக்கு உச்சி குளிர்ந்தது.

மனைவி கீழே விழுந்த ஒன்றை எடுத்துப் பார்த்தாள். “ஏங்க, இதுல ஒரு அம்மா, வீட்டுக்காரர் போயி நாலு வருஷமாச்சு, பென்ஷன் வரலைன்னு எழுதியிருக்காங்க. இங்க பாருங்க, இது யாருக்கோ ஆஸ்பத்திரிச் செலவு...”

“அதெல்லாம் மத்தவங்களோடது. நம்மது ஆயிடுச்சுல்ல?” என்றார் அவர். “பாப்பா பிய்க்கட்டும், விடு.”