எண்ணெய் முடிந்த படம்

உலகத்தில் மோசமான படம் என்று ஒன்றுமே கிடையாது என்று நம்பிய ஒரே மனிதர் எங்கள் டெக்கண்ணன்தான். கரண்ட் என்ற ஒன்றையே வாவிக்கு இந்தப் பக்கத்து எங்கள் படுவான்கரை ஊர்கள் மறந்திருந்த சண்டைக் காலத்தில், டீவியையும் வீடியோ டெக்கையும் சாக்கில் சுற்றித் தோணியில் ஏற்றி, வாவியைக் கடந்து வந்து ஊர் ஊராகப் படம் போடுவார். ஊரடங்கு என்பதால் எல்லாம் பகல் காட்சிதான்.

அவருக்கு ஒரு சட்டம் இருந்தது. தொடங்கிய படத்தைப் பாதியில் நிறுத்தக் கூடாது. தலைக்கு மேல் ஹெலி சுற்றினாலும் சத்தத்தை மட்டும்தான் குறைப்பார். இங்கிலீஷ் படமென்றால் டீவிக்குப் பக்கத்தில் நின்று கதை சொல்வார். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது என்பது ஊருக்கே தெரியும், அவருக்கு மட்டும் தெரியாது.

ஒருநாள், செத்தவர்கள் எழும்பி வருகிற இங்கிலீஷ் படம் ஒன்றைக் கொண்டுவந்தார். நான் வாத்தியாராக இருந்த பள்ளிக்கூடத்தில்தான் காட்சி. ஜெனரேட்டருக்கு எண்ணெய் ஊற்றியதும் நான்தான். முன்னால் பாயில் பாக்கியக்கா இருந்தார். சுற்றிவளைப்பில் ஆமி பிடித்துக்கொண்டு போன அவருடைய மகன் ஐந்து மாதமாகத் திரும்பவில்லை. அதற்குப் பிறகு அவர் வீட்டைவிட்டு வெளியே வந்தது அன்றுதான். யாரோ அவரிடம் படத்தின் கதையைச் சொல்லியிருக்க வேண்டும்.

படமோ படுமோசம். பிணங்களின் முகத்தில் மாவை அப்பியிருந்தார்கள். ஒரு பிணம் கைக்கடிகாரம் கட்டியிருந்தது. அவர் நேரத்துக்கு வாறவர் என்று டெக்கண்ணன் சமாளித்தார். உயிரோடு இருந்தவர்கள் அதைவிட மோசம். ஒரு வீட்டுக்குள் அடைந்துகொண்டு, ஒரு டின் மீனுக்காக ஒருவரை ஒருவர் வெளியே தள்ளினார்கள். பார்த்துக்கொண்டிருந்ததோ, அதே பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்பறைக்கு ஆறு குடும்பமாக அகதியாகக் கிடந்து, ஒரு பானைக் கஞ்சியைப் பகிர்ந்து குடித்த சனம்.

“இதுகளத் திண்டா அந்தப் பிணங்களுக்கும் வயித்தால போகும்,” என்றார் வெல்லாவெளியிலிருந்து வந்திருந்த ஒருவர். எல்லோரும் சிரித்தோம்.

அப்போது படத்தில் ஒரு பொடியன், செத்து எழும்பியவன், தன் வீட்டுக் கதவைத் தட்டினான். உள்ளே அவன் தாய் அசையாமல் நின்றாள்.

“புள்ள வந்து வாசல்ல நிக்கான். ஏன் மனே அவள் கதவத் தொறக்காம நிக்காள்?” என்று பாக்கியக்கா கேட்டார்.

சிரிப்பு நின்றுவிட்டது. படத்தில் அந்தத் தாய் மூலையில் கிடந்த கோடரியை எடுக்கக் குனிந்தாள்.

“கதவு பூட்டியிருக்கு, திறப்பத் தேடுறா அக்கா,” என்றார் டெக்கண்ணன்.

அவள் நிமிர்வதற்குள் அவர் ஜெனரேட்டரடிக்கு ஓடியிருந்தார். டீவி அணைந்தது. எண்ணெய் முடிந்துவிட்டது என்றார். படம் போடத் தெரியாதவன் என்று சனம் வாய்க்கு வந்தபடி ஏசியது. தலையைக் குனிந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே வயரைச் சுற்றினார்.

பாக்கியக்கா மட்டும் போகாமல் நின்றார். “அவள் தொறந்திருப்பாள் என்ன?”

“ஓம் அக்கா. நான் முதலே பாத்த படம்தானே.”

தோணியில் ஏற்ற ஜெனரேட்டரைத் தூக்கியபோது, நான் ஊற்றிய எண்ணெய் உள்ளே குலுங்கியது. அவர் என்னைப் பார்த்தார். நான் மறுபக்கத்தைக் குலுங்காமல் பிடித்துக்கொண்டேன். இங்கிலீஷ் தெரியாத அந்த மனுசன் சொன்ன கதைதான் சரியான கதை என்று இன்றைக்கும் எனக்குப் படுகிறது.