செவலையின் கழுத்தும் மூன்று பெல்ட்டும்

உ

தோட்டத்து வீடு, கடத்தூர் வழி,
வைகாசி 14.

சிரஞ்சீவி இளம்பரிதிக்கு, உன் சித்தப்பன் சென்னப்பன் எழுதுவது. நீயும் மருமகளும் பேத்தி காவியாவும் ஓசூரில் நோய்நொடி இல்லாமல் இருக்க முனியப்பன் துணை. இங்கே நானும் உன் சின்னம்மா தங்கம்மாளும் இருக்கிறோம். சௌக்கியம் என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன், என் இடது முழங்கால் ஒப்புக்கொள்ளவில்லை. போனில் சொல்லலாம்தான். போனில் கூப்பிட்டால் நீ "மீட்டிங்ல இருக்கேன் சித்தப்பா" என்கிறாய், கடிதம் என்றால் மீட்டிங் முடிந்த பிறகாவது படிப்பாய். பால் சொசைட்டியில் இருபத்தாறு வருஷம் செயலாளராக இருந்தவன், எதையும் எழுத்தில் கொடுத்துத்தான் பழக்கம்.

விஷயம் இதுதான். உன் அப்பாவின் நாய் செவலை என்கிற மேற்படி நாயை வரும் ஞாயிற்றுக்கிழமைக்குள் நீ வந்து அழைத்துக்கொண்டு போக வேண்டியது. காரணங்கள் கீழே எழுதியிருக்கிறேன். அண்ணனின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து நீ காரில் ஏறும்போது, "சித்தப்பா, அபார்ட்மென்ட்ல நாய் வெக்க விடமாட்டாங்க, நீங்களே பாத்துக்கங்க" என்று அத்தனை பங்காளிகள் முன்னால் சொன்னாயே, அப்போது என்னால் மாட்டேன் என்று சொல்ல முடிந்ததா? பதினோரு வருஷம் அண்ணன் முகத்தைப் பார்க்காதவன் அவர் நாயையாவது பார்க்கட்டுமே என்று ஊரே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. சரி என்று தலையாட்டினேன். ஆட்டிய தலைக்கு இன்னும் வலி போகவில்லை.

அந்த நாயின் கழுத்து எப்படி இருந்தது என்று நீ சரியாகப் பார்த்திருக்க மாட்டாய், உனக்கு அப்போது எதையும் பார்க்கிற நிலை இல்லை. அப்பா அதைத் தினமும் காலையில் மோட்டார் ரூம் தூணில் சைக்கிள் செயினில் கட்டுவார், மயிலைத் துரத்திக்கொண்டு ஓடாமல் இருக்க. அன்றைக்கும் கட்டிவிட்டு மோட்டார் போடப் போனவர்தான் விழுந்திருக்கிறார். பால் கறக்க வந்த மாதவராஜ் பார்த்தபோது மணி ஒன்பதேகால். அதுவரைக்கும் இந்த ஜீவன் செயினோடு மல்லுக்கட்டியிருக்கிறது. அன்றைக்கு நான் விடியற்காலையே தக்காளிக் கூடைகளை ஏற்றிக்கொண்டு கடத்தூர் மண்டிக்குப் போய்விட்டேன் என்பது உனக்குத் தெரியும், சாவு வீட்டிலேயே சொன்னேன். இருந்திருந்தால் நாய் குரைத்தது கேட்டிருக்காதா. கழுத்தைச் சுற்றி நான்கு விரல் அகலத்துக்கு முடி போய், தோல் போய், கிட்டத்தில் போனால் வாடை வந்தது. குனிந்து சோறு தின்ன முடியாது என்பதால் உன் சின்னம்மா அதற்கு ஸ்டூல் மேல் தட்டு வைக்கிறாள். எனக்கு இன்னமும் தரையில்தான்.

ஆட்டோவில் போட்டு மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். டாக்டரம்மா சின்ன வயசு, கை நல்ல கை. பார்த்துவிட்டு, "தோல் மட்டும் இல்லீங்க, உள்ளே சதையே கன்னிப் போயிருக்குது. இனிமே கழுத்துல ஒரு நூல்கூடப் படக்கூடாது" என்றார். அவிழ்த்து விட்டுவிடட்டுமா என்றால் அதுவும் கூடாதாம், ஈ மொய்த்துப் புழு வைத்துவிடுமாம். காலையும் மாலையும் கையில் பிடித்து நடத்த வேண்டுமாம். கழுத்திலும் கட்டக் கூடாது, கட்டாமலும் விடக் கூடாது என்றால் காதைப் பிடித்தா கூட்டிப்போவது என்று கேட்டேன். அவர் சிரிக்காமல் மருந்துச் சீட்டின் பின்பக்கம் ஒரு நாயை வரைந்து, நெஞ்சைச் சுற்றி ஒன்று, முன்காலுக்குப் பின்னால் ஒன்று என இரண்டு வளையம் போட்டு, "ஹார்னஸ்னு கேளுங்க" என்றார். பிறகு, "எத்தனை நேரமுங்க இது இப்படி இழுத்திருக்கும்?" என்று கேட்டார். எனக்குத் தெரியாதுங்க, நான் அன்னிக்கு ஊர்லயே இல்லைங்க என்றேன். கூட வந்திருந்த உன் சின்னம்மா அந்த நேரம் பார்த்து ஆட்டோக்காரனிடம் ஏதோ சொல்ல வெளியே போய்விட்டாள்.

படம்தான் இருக்கிறதே, நாமே செய்துவிடலாம் என்று கயிற்றுக் கடையில் நைலான் கயிறு வாங்கி, கன்றுக்குட்டிக்கு முடிச்சுப் போடுகிற மாதிரி நானே போட்டேன். முதல் பெல்ட் அது. மேற்படி நாய் வாசல் தாண்டி இரண்டு அடி நடந்தது, நின்றது, இரண்டு அடி பின்னால் வந்தது, தலையைக் குனிந்தது, அவ்வளவுதான், கயிறு என் கையில், நாய் வெளியில். ஓடவில்லை பார், அதுதான் எரிச்சல். தாசில்தார் நடக்கிற மாதிரி நடந்து, புளியமரத்துக் கட்டையைத் தாண்டி, வரப்பைத் தாண்டி, உங்கள் மோட்டார் ரூமுக்குப் போய்ப் படுத்துக்கொண்டது. நான் வரப்பில் நின்றபடி ஒரு மணி நேரம் கூப்பிட்டேன். அந்த வரப்பைத் தாண்டுவதில்லை என்று பதினோரு வருஷ வைராக்கியம். எதற்காக என்று உனக்குத் தெரியும், வரப்பு மேல் நின்ற ஒரு புளியமரம். மரம் புயலில் விழுந்து ஏழு வருஷம் ஆகிறது, அதற்கப்புறம் கட்டை யாருடையது என்று சண்டை போட்டோம். சாவுக்குக்கூட நான் ரோட்டு வழியாகச் சுற்றித்தான் வந்தேன். "அவருதான் போயிட்டாரே, இன்னும் யாருக்காக இந்த ரோசம்?" என்று உன் சின்னம்மா கேட்டாள். அவளுக்கு நில விவகாரம் புரியாது. மாதவராஜைக் கெஞ்சினேன், அவன்தான் போய் நாயைத் தூக்கி வந்தான்.

அடுத்தது தர்மபுரிக் கடை. போன் போட்டுக் கேட்டால் நாயின் மார்பளவு சொல்லுங்கள் என்கிறான். நான் எங்கே போவேன் அளவெடுக்க? நம் ஊரில் டேப் வைத்திருப்பவள் ஜாக்கெட் தைக்கிற தெரசா ஒருத்திதான். கூட்டிக்கொண்டு போனேன். நாய் அசையாமல் நின்றது, உன் சின்னம்மாகூட அளவெடுக்கும்போது அப்படி நின்றதில்லை. தெரசா மார்பைச் சுற்றி அளந்து, முதுகை அளந்து, நோட்டில் மருதாயி, செவலை, கண்ணம்மாள் என்று வரிசையில் எழுதிக்கொண்டு, கைப்பழக்கத்தில், "கொக்கி முன்னாலிங்களா, பின்னாலிங்களா?" என்று கேட்டுவிட்டாள். நானும் ஏதோ கேட்கிறாளே என்று, பின்னாடியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன். அங்கேதான் பிசகினது என்று அப்போது எனக்குத் தெரியாது.

கடைக்காரன் என்ன ஜாதி நாய் என்றான். நாட்டு நாய் என்றேன். "அப்ப எதுக்குங்க இவ்வளவு?" என்று கேட்டான். எனக்கு வந்த கோபத்தில் இருக்கிறதிலேயே நல்லதாக எடு என்றேன். சிவப்புப் பெல்ட், உள்ளே பஞ்சு வைத்தது, கழுத்தில் எங்கேயும் படாது, கயிறு மாட்டுகிற வளையம், தெரசாவிடம் நான் சொன்ன மாதிரியே, பின்னால் முதுகு மேலே. போட்டுவிட்டதும் நாய் ஒரு தடவை உடம்பைச் சிலுப்பியது. வலி இல்லை என்பது அதற்கு அப்போதுதான் தெரிந்திருக்கிறது. தெரிந்ததும் இழுத்தது பாரு ஒரு இழுவை! இளம்பரிதி, நான் சொசைட்டிக்குப் போவதற்கு முன்னால் ஏர் பூட்டினவன். கழுத்தைப் பிடித்தால் எந்த ஜீவனும் நிற்கும், உடம்போடு சேர்த்துக் கட்டினால் இழுக்கும், இதுகூடத் தெரியாமலா உழுதேன்? தெரிந்திருந்தும் அந்த முதுகு வளையத்தில் கயிறு மாட்டி, கயிற்றை என் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டேன். புளியமரத்துக் கட்டையில் கால் தட்டி விழுந்தேன். எழவும் விடவில்லை. வேட்டி கட்டையோடு நின்றுவிட்டது, நான் மட்டும் வரப்பைத் தாண்டினேன். பதினோரு வருஷ வைராக்கியம் டவுசரோடு போச்சு, களை எடுத்துக்கிட்டிருந்த பொம்பளைங்க அத்தனை பேரும் நிமிந்து பாத்தாங்க. மோட்டார் ரூம் வாசல்ல போய்த்தான் நின்னது. அங்க சிமெண்டுத் தரையில ஒரு இடத்தை மோந்து பாத்துட்டு, அதே இடத்துல வயித்தை வெச்சுப் படுத்துக்கிச்சு. நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை, தென்னை மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். திரும்பி வரும்போது நான் ரோட்டு வழியாகத்தான் வந்தேன், முழங்காலில் ரத்தத்தோடு, டவல் கட்டிக்கொண்டு.

இதை எல்லாம் உன் சின்னம்மா போனில் சொல்லிக் காவியா விழுந்து விழுந்து சிரித்திருக்கிறாள். சிரித்துவிட்டு, "தாத்தா, அதுக்கு முன்னாடி வளையம் வெச்சது இருக்கு, நெஞ்சுக்கு நேரா. இழுத்தா அதால இழுக்க முடியாது, உங்க பக்கம் திரும்பிடும்" என்று சொல்லி அவளே கூரியரில் அனுப்பிவைத்தாள். பிள்ளை கெட்டிக்காரி. நீலப் பெல்ட், மூன்றாவது. அவள் சொன்னது அப்படியே நடந்தது. நாய் உங்கள் நிலத்துப் பக்கம் ஒரு எட்டு வைக்கும், நெஞ்சு வளையம் இழுக்கும், உடம்பு வட்டமடிக்கும், நேருக்கு நேராக என் முன்னால் வந்து நிற்கும். கழுத்தும் ஆறிக்கொண்டு வருகிறது, மேல்தோல் பிடித்து, அங்கங்கே வெள்ளையாக முடிகூட முளைக்கிறது. டாக்டரம்மா போன வாரம் பார்த்துவிட்டு, "நல்லாப் பாத்திருக்கீங்க" என்றார்.

அப்புறம் என்ன குறை என்று நீ கேட்பாய். குறை இருக்குது. திரும்பி நின்னா அது என் மூஞ்சியைப் பாக்குது. காலையில வாசல்ல இருந்து ரோடு போறதுக்குள்ள இருபது தடவை, சாயங்காலம் இருபது தடவை. குரைக்கறதில்ல, முனகறதில்ல, சும்மா பாக்குது. நான் அந்தப் பக்கம் திரும்பினா அதும் சுத்தி வந்து பாக்குது. வேறு யார் பிடித்தாலும் இப்படி இல்லை. உன் சின்னம்மா பிடித்தால் திரும்பின உடனே வாலாட்டிக்கொண்டு நடக்கிறது. என்னிடம் மட்டும்தான் நின்று பார்க்கிறது. பகலில் படுத்தாலும் அந்தக் கண்தான். ஒரு நாய் பார்ப்பதற்கெல்லாம் மனுஷன் பயப்படுவானா என்று நீ சிரிப்பாய். சிரித்துக்கொள், ஆனால் ஞாயிற்றுக்கிழமை வந்துவிடு.

அபார்ட்மென்ட்காரர்கள் விடமாட்டார்கள் என்றால் ஏரியூரில் மருமகளின் அப்பா தோட்டம் இருக்கிறது, அங்கே விடு. நீலப் பெல்ட், களிம்பு, டாக்டரம்மா சீட்டு, ஸ்டூல் எல்லாம் ஒரு பையில் கட்டி வைத்திருக்கிறேன். ராகிக் களியில் மோர் ஊற்றினால் தின்னும், தயிர் ஊற்றினால் தொடாது. இடி இடித்தால் கட்டிலுக்கு அடியில் இடம் கொடுக்க வேண்டும். முதுகைச் சொறியலாம், கழுத்துப் பக்கம் கை கொண்டுபோகக் கூடாது. இந்த வயசில் என்னால் இதற்கு மேல் முடியாது என்பதைத் தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

மருமகளுக்கு என் ஆசீர்வாதம். காவியா பரீட்சையில் முதல் மார்க் வாங்கி நீண்ட ஆயுசோடு இருக்க வேண்டும். உன் உடம்பையும் பார்த்துக்கொள், உங்கப்பனைப் போல நெஞ்சு வலியை வாயுப் பிடிப்பு என்று விட்டுவிடாதே.

இப்படிக்கு,
உன் நலம் கோரும் சித்தப்பன்,
சென்னப்பன்

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்குள் உன் சின்னம்மா கடிதத்தை வாங்கிப் படித்தாள். தக்காளிக் கூடை என்று நான் எழுதின வரியில் மட்டும் விரலை வைத்துக் காட்டிவிட்டு, நாய்க்குத் தட்டு வைக்கப் போய்விட்டாள்.

இளம்பரிதி, அன்னிக்கு நான் கடத்தூர் போகலை. வூட்டுலதான் இருந்தேன். அது ஆறு மணிக்குக் குரைக்க ஆரம்பிச்சுது. எம்மேல இருக்கிற வன்மத்துல வேணும்னே கட்டிவெச்சுக் குரைக்க விடறாருன்னு நெனச்சு டீவியைச் சத்தமா வெச்சேன். ஏழரை இருக்கும், தாங்க முடியாம, சத்தம் போட்டுத் திட்டலாம்னு புளியமரத்துக் கட்டை வரைக்கும் வந்தேன். அங்கிருந்து மோட்டார் ரூம் நாப்பது எட்டு நடைதான். செடி மறைச்சுது, உங்கப்பா விழுந்து கெடந்தது எனக்குத் தெரியலை, அது சத்தியம். நாய் தெரிஞ்சுது. என்னைப் பாத்ததும் குரைக்கறதை நிறுத்திட்டு, என்னைப் பாத்துச்சு, பின்னாடி தரையைப் பாத்துச்சு, மறுபடி என்னைப் பாத்துச்சு. வரப்பைத் தாண்டக் கூடாதேன்னு நான் திரும்பி வந்துட்டேன். அதுக்கப்புறம்தான் செயினை அந்த இழுப்பு இழுத்திருக்குது.

ஒரு மணி நேரம் முன்னாடி கொண்டுவந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்னு ஆஸ்பத்திரியில சொன்னாங்களே, அப்ப நீ என் தோள்மேல சாஞ்சுதான் அழுதே.

ஞாயிற்றுக்கிழமை வா. வந்து என்னை என்ன கேக்கணுமோ கேளு. ஆனா செவலையை அனுப்ப மாட்டேன், கட்டிவெச்ச பையையும் பிரிச்சுட்டேன். நீலப் பெல்ட்டைக் கழட்டி ஆணியில மாட்டியாச்சு. நாளைக் காலையில இருந்து அந்தச் சிவப்புப் பெல்ட்டுதான். அவன் எங்கே இழுக்கிறானோ, அங்கே நான் வரேன்.