மாப்பிள்ளையின் மூக்கும் பதினாறு ஸ்ரீ காரும்

பல்லேபொல,
செவ்வாய்க்கிழமை காலை.

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி இராசையா அவர்களுக்கு,

கணபதி பணிவுடன் எழுதுவது. இங்கு காரைத் தவிர எல்லோரும் சுகம். கலேவெலயில் நீங்களும் சம்பந்தியம்மாவும் சுகமாக இருக்க வேண்டும் என்றும், மாப்பிள்ளை நிமலனின் மூக்கு குறிப்பாகச் சுகமாக இருக்க வேண்டும் என்றும் வேண்டிக்கொள்கிறேன். மூக்கை ஏன் தனியாக விசாரிக்கிறேன் என்பது பின்னால் வரும். ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லாவிட்டால் எனக்கே விளங்காமல் போய்விடும்.

இதைத் தொலைபேசியில்தான் சொல்ல நினைத்தேன். நேற்று மூன்று முறை அழைத்தேன். உங்கள் குரல் கேட்டதும் மூன்று முறையும் "அங்க மழையா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். மன்னிக்க வேண்டும். அங்கே மழையா என்பதில் எனக்கு அவ்வளவு அக்கறை இல்லை.

நிச்சயதார்த்தத்தன்று நீங்கள் எங்கள் கொட்டகைக்குள் எட்டிப் பார்த்து, "அட, அந்தக் காலத்துப் பதினாறு ஸ்ரீ நம்பர் பிளேட்! சம்பந்தி, எங்களுக்கு வேற ஒண்ணும் வேணாம். மாப்பிள்ள அழைப்புக்கு இந்தக் கார மட்டும் அனுப்பிடுங்க" என்றீர்கள். எல்லோரும் கைதட்டினார்கள். நான் தலையாட்டினேன். இல்லை என்று ஆட்டத் தொடங்கிய தலைதான் அது. பயத்தில் மற்றப் பக்கமாக ஆடிவிட்டது. பெட்ரோல் வரிசைக் காலத்தில் நிறுத்திய கார் அதன் பிறகு ஓர் அடிகூட நகரவில்லை என்பதை அப்போதே சொல்லியிருக்க வேண்டும். என் மகள் கிருஷாந்தினியைக் கட்டிக்கொடுப்பதில் நீங்கள் கேட்டது அந்த ஒன்றைத்தான். அதையும் செய்ய முடியாதவன் என்று வாழப் போகிற வீட்டில் அவள் காதில் விழக்கூடாதே என்பதுதான் என் கவலை.

ஆகவே நானே பழுது பார்ப்பது என்று முடிவு செய்தேன். முப்பத்தொரு வருடம் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பித்தவன். நான்கடிப்பு எஞ்சினைக் கண்ணை மூடிக்கொண்டு கரும்பலகையில் வரைவேன். கண்ணைத் திறந்து நிஜ எஞ்சினைப் பார்த்தபோதுதான் அதற்கு இவ்வளவு குழாய்கள் இருப்பது தெரிந்தது. இருந்தாலும் முறை தவறவில்லை. கார்பரேட்டரையும் அதைச் சுற்றி உள்ளவற்றையும் கழற்றி, ஒவ்வொன்றையும் பெட்ரோலும் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷும் கொண்டு கழுவி, பழைய பத்திரிகைத் தாள்களில் வரிசையாக வைத்து, ஒன்று முதல் முப்பத்தெட்டு வரை எண் எழுதிய சீட்டு ஒட்டினேன். பசை தீர்ந்துவிட்டது. வழக்கம்போல் சோற்றுப் பருக்கையைத் தேய்த்து ஒட்டினேன். பிழை அங்கேதான் நடந்தது. நான் தேநீர் குடித்துவிட்டு வருவதற்குள் எங்கள் வீட்டுக் கோழிகள் பதினொன்று முதல் இருபத்தாறு வரை சாப்பிட்டிருந்தன.

என் மனைவி பாப்பம்மா வந்து பார்த்துவிட்டு, "கோழி மேல ஏன் பாயிறீங்க? சோறு போட்டா அது திங்கத்தான் செய்யும். வாத்தியாருக்குப் படம் போடத் தெரியும், பூட்டத் தெரியுமா?" என்றாள். கேள்வி நியாயமாக இருந்தது.

எப்படியோ பூட்டி முடித்தேன். ஒரு சின்னச் சுருள் கம்பி மட்டும் மிஞ்சியது. அது எஞ்சினின் எந்த இடத்துக்கு உரியதோ, அது இல்லாமல் ஓட்டினால் எது கழன்று யார்மேல் விழுமோ என்று இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. கடைசியில் டவுனில் இருந்து மெக்கானிக் கலந்தரைக் கூட்டி வந்தேன். அவர் கம்பியைக் கையில் வாங்கிப் பார்த்தார். என் சட்டைப்பையைப் பார்த்தார். பிறகு என் பேனாவை எடுத்துத் திறந்தார். "சேர், இது கார்ட சாமான் இல்ல. உங்கட பேனாட சுருள். பேனா எழுதுதில்லன்னு ஒங்களுக்கு வெளங்கவே இல்லயா?" என்றார். விளங்கியது. மை தீர்ந்துவிட்டது என்று நினைத்திருந்தேன்.

இனி மூக்கு. எங்கள் கொட்டகை சிறியது. காரின் முன்பக்கம் வெயிலில் நீட்டிக்கொண்டிருக்கும். பாப்பம்மா ஒவ்வொரு போகமும் மிளகை அந்தப் பொனட்டின் மேல்தான் காயப்போடுகிறாள். தகரம் நன்றாகச் சுடும், வழுக்குவதால் கோழியும் ஏறாது. நல்ல யோசனை என்று நானே பாராட்டியிருக்கிறேன். ஆனால் கண்ணாடிக்குக் கீழே காற்றுப் போகும் இடுக்கு ஒன்று உண்டு. உதிர்ந்த மிளகெல்லாம் அதற்குள் போய், காய்ந்து, பொடியாகி இருந்திருக்கிறது. தூசியை வெளியேற்றலாம் என்று நான் சைக்கிள் பம்பால் அந்த இடுக்கில் பலமாகக் காற்றடித்தேன். வெளியேறவில்லை. அத்தனையும் உள்ளே சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டது. கலந்தர் உள்ளே ஏறிக் கதவைச் சாத்தினார். ஒவ்வொரு தும்மலுக்கும் அவர் அல்ஹம்துலில்லாஹ் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த தும்மல் வந்தது. பதினாலு வரை எண்ணினேன். இறங்கி வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சேர், ஸ்டார்ட்டர் மோட்டர் மவுத்தாகிட்டு, உசிரே இல்ல. புதுசு கொழும்புலருந்து வர ரெண்டு கெழம போகும். அது வரைக்கும் தள்ளித்தான் எடுக்கணும்" என்றார். அதற்குப் பிறகும் இரண்டு முறை தும்மினார்.

சம்பந்தி, நினைத்துப் பாருங்கள். மாப்பிள்ளை மாலையோடு காரில் ஏறுகிறார். மாப்பிள்ளை வீட்டாரையே இறங்கித் தள்ளச் சொல்வது எந்த ஊர் முறை? அப்படியே வந்து சேர்ந்தாலும், கோயில் வாசலில் ஆரத்தித் தட்டின் முன்னால் மாப்பிள்ளை பதினாறு தும்மல் தும்மினால் சகுனம் பார்ப்பவர்கள் என்ன சொல்வார்கள்? ஒற்றைத் தும்மலா இரட்டைத் தும்மலா என்று கேட்பவர்களுக்குப் பதினாறுக்கு என்ன பலன் என்று தெரியுமா?

நேற்றுப் பின்னேரம் கடைசியாக ஒரு முயற்சி செய்தோம். பாப்பம்மாவின் தம்பி சசிக்குமார், தம்புள்ளைக்கு மரக்கறி லொறி ஓட்டுகிறவர், பக்கத்து வீட்டு ஆட்கள் இருவரோடு வந்தார். என்னை ஸ்டியரிங்கில் உட்காரவைத்து மூவரும் தள்ளினார்கள். கார் அசையவில்லை.

"மச்சான், காலை எங்க வச்சிருக்கீங்க?" என்று பின்னாலிருந்து கத்தினார்.

"பிரேக்குல."

"எடுங்க!"

"எடுத்தா ஓடிருமே!"

"அட, ஓடத்தானே தள்ளுறோம்!"

எடுத்தேன். ஓடியது. பயந்து உடனே மறுபடி மிதித்தேன். பின்னால் மூவரும் காரில் மோதிக்கொண்டார்கள். ஒருவருக்கு நெற்றியில் வீக்கம். எஞ்சின் மூச்சே விடவில்லை.

ஆகவே கைகூப்பிக் கேட்கிறேன். வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை அழைப்புக்கு வேறு ஒரு நல்ல வண்டி அனுப்புகிறேன். தும்மல் வராத வண்டி. கொடுத்த வார்த்தையைக் காப்பாற்றாதது நான்தான். இதில் கிருஷாந்தினிக்கு எந்தப் பங்கும் இல்லை. அவள் தொடக்கத்திலிருந்தே "அப்பா, முடியாதுன்னு சொல்லிடுங்க, மாமா ஒண்ணும் நெனைக்க மாட்டாரு" என்றுதான் சொன்னாள். உங்களை அவள் என்னைவிட நன்றாக அறிந்திருக்கிறாள். கோபம் என்மேல் மட்டும் இருக்கட்டும்.

மணமக்கள் எல்லா நலமும் பெற்று, நோயும் தும்மலும் அண்டாமல் நெடுங்காலம் வாழ வேண்டும் என்று அம்மனை வேண்டுகிறேன். சம்பந்தியம்மாவுக்கும் வீட்டில் எல்லோருக்கும் எங்கள் வணக்கம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கணபதி

பி.கு.: எழுத்து ஆடுவதற்கு மன்னிக்கவும். இதைக் காரில் இருந்தபடி எழுதுகிறேன். கடிதத்தை உறையில் போடும்போது சசிக்குமார் வந்து, "மச்சான், நீங்க பின்னால ஏறிக் கைய கால வச்சிக்கிட்டுச் சும்மா இருங்க" என்றார். இருந்தேன். அவர் ஸ்டியரிங்கில் ஏற, பக்கத்து வீட்டு ஆட்கள் தள்ள, இரண்டே தள்ளலில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. நின்றுவிடுமோ என்ற பயத்தில் நிறுத்தாமலே கலேவெலவுக்கு வந்துகொண்டிருக்கிறோம். இக்கடிதத்தை உங்கள் கையில் தருபவர் சசிக்குமார். வெளியே கேட்டடியில் உறுமிக்கொண்டிருப்பது அந்தக் கார்தான். உங்கள் வீட்டு வாசல் சமதரை என்பதால் எஞ்சினை நிறுத்த முடியாது. தயவுசெய்து கடிதத்தை நின்றபடியே வாசித்துவிடுங்கள். வாசித்ததும் மாப்பிள்ளையை ஐந்து நிமிடம் முன் சீட்டில் உட்காரச் சொல்லுங்கள். தும்மாவிட்டால் வெள்ளிக்கிழமை இதே கார் வரும். தும்மினால் பின்குறிப்பைக் கிழித்துவிட்டு மேலே உள்ளதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பின் சீட்டிலிருந்து வரும் தும்மலைச் சேர்க்க வேண்டாம். அது நான்.