படுதாவுக்குப் பின்னால் ஆறு பேர்

படுதாவுக்கு அடியிலிருந்து ஆறாவது சிலேட்டும் வந்து சேர்ந்தது. சுப்பராமன் அதைப் பார்த்தான். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தான். துடைத்ததில் ஒரு பிரயோஜனமும் இல்லை. 'மரம்' என்று எழுதச் சொல்லியிருந்தான். ஆறாம் நம்பர் அம்மாள் மரத்தைப் படமாகவே போட்டு அனுப்பியிருந்தாள். கிளையில் ஒரு கிளி வேறு.

"ஜைதூன் பீ, என்ன இது?"

படுதாவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்வர உரிமை பெற்ற ஒரே ஆள் ஜைதூன் பீ. அந்த வீட்டில் முப்பது வருஷமாக வேலை செய்கிறவள். சிலேட்டை எட்டிப் பார்த்தாள்.

"மரந்தானே சார் கேட்டீங்க? மரம் கீதே. கிளி அவங்களா போட்டது."

உள்ளே யாரோ சிரிப்பை அடக்கப் பார்த்து, அது இருமலாக வெளியே வந்தது.

மயிலாப்பூர் கச்சேரி ரோட்டில், கைலி வியாபாரி பீர் முஹம்மது வீட்டு ஹாலில், இந்த வகுப்பு ஆரம்பித்து நாலு மாதம் ஆகிறது. பீர் முஹம்மது வருஷத்தில் பாதி நாள் பினாங்கில் இருப்பவர். அங்கிருந்து அவர் மனைவிக்கு எழுதும் கடிதங்களை அடுத்த வீட்டுக்காரர்தான் உரக்கப் படித்துக் காட்டுவார். அவருக்கு நல்ல கணீர்க் குரல். அந்தரங்கமெல்லாம் தெருக்கோடி வரைக்கும் கேட்டது. இது சரிப்படாது என்று பீர் முஹம்மது ஒரு வாத்தியாரைத் தேடினார். அக்கம்பக்கத்து வீட்டுப் பெண்கள் ஐந்து பேர் சேர்ந்துகொண்டார்கள். எல்லோரும் கோஷாப் பெண்கள். அந்நிய ஆண் அவர்கள் முகத்தைப் பார்க்கக் கூடாது, பெயரையும் சொல்லக் கூடாது. ஆகவே ஹாலுக்கு நடுவில் கனத்த பச்சைப் படுதா ஒன்று தொங்கியது. மாணவிகளுக்கு ஒன்று முதல் ஆறு வரை நம்பர்.

சுப்பராமன் அப்போதுதான் டிரெயினிங் முடித்திருந்தான். வாத்தியார் வேலை என்றால் அவனுக்கு உயிர். எட்டு வயதிலேயே கொல்லைப்புறத்து வாழை மரங்களுக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தவன். ஆனால் வேலைதான் கிடைத்தபாடில்லை. ஜூன் மாதத்துக்குள் கிடைக்காவிட்டால் கும்பகோணத்தில் மாமாவின் காப்பி கிளப்பில் போய் நிற்க வேண்டியது என்று அம்மா முடிவு கட்டியிருந்தாள்.

சாந்தோமில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஓர் இடம் காலியாக இருந்தது. ஹெட்மாஸ்டர் லூர்துசாமி இவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"இதுவரைக்கும் யாருக்காவது சொல்லிக் குடுத்திருக்கியா தம்பி?"

"ஆறு பேருக்கு சார்."

"அப்படியா? அந்த ஆறு பேரும் சரளமாப் படிச்சுட்டா இடம் உனக்குத்தான். என் சம்சாரம் லூர்துமேரியை அனுப்புறேன். அவ படுதாவுக்குப் பின்னால போய்ப் பாத்துட்டு வந்து சொல்லட்டும்."

சுப்பராமன் அன்று சாந்தோமிலிருந்து வீடு வரைக்கும் நடந்த மாதிரியே இல்லை.

முதல் இரண்டு மாதம் வகுப்பு மளமளவென்று போயிற்று. பீர் முஹம்மது பினாங்கிலிருந்து திரும்பிய வாரத்தில்தான் சனி பிடித்தது. அன்று அவர் ஹாலில் நின்றுகொண்டு, "சீக்கிரம் முடிச்சுக் குடுங்க சார். எழுத்து வந்துட்ட அன்னிக்கே வகுப்பை நிறுத்திப் படுதாவை அவுத்துடலாம். மத்த வூட்டு ஆம்பளைங்க, பொம்பளைங்க மத்தியானமானா சொல்லாமக் கொள்ளாமக் கிளம்பிடறாங்கன்னு ஒரே நச்சரிப்பு" என்றார். "ஆகட்டும்" என்றான் சுப்பராமன். மறுநாளே மூன்றாம் நம்பருக்கு 'அ'னா மறந்துபோயிற்று.

அவன் அக்காள் புருஷன் ரகுபதியிடம் யோசனை கேட்கப் போனான். அத்திம்பேர் இருபது வருஷமாக வாத்தியார். யோசனை சொல்வதென்றால் அவருக்குச் சாப்பாடு கூட வேண்டாம்.

"மொத நாள் சிரிக்கப்படாதுன்னு சொன்னேனே, கேட்டியோ?"

"கேட்டேன் அத்திம்பேர். ஒரு வாரம் மூஞ்சியை உம்முனு வெச்சுண்டிருந்தேன். அப்புறந்தான் நடுவுல படுதா இருக்கறது ஞாபகம் வந்தது."

"சரி, விடு. இதைக் கேட்டுக்கோ. கடைசிப் பையனுக்குப் புரியற வரைக்கும் அடுத்த பாடத்துக்குப் போகப்படாது. வாத்தியாருக்கு முதல் விதி அதுதான்."

சுப்பராமன் இந்த விதியைப் படுதாவைப் பார்த்துக் கம்பீரமாக அறிவித்தான். அன்றிலிருந்து மூன்றாம் நம்பருக்கு ஞாபகம் வந்தால் ஐந்தாம் நம்பருக்கு மறந்தது. ஐந்து தேறினால் ஒன்று படுத்தது. மறதி ஒரு தொத்து வியாதியாக ஆறு பேரையும் சுற்றி வந்தது. பத்து நாளாகியும் மரத்தைத் தாண்ட முடியவில்லை.

"பரிசு குடுடா" என்றார் அத்திம்பேர். "ஆசை காட்டினா கழுதை கூடப் படிக்கும்."

மாட வீதியில் மைசூர்பாகு வாங்கிக்கொண்டு போனான். நன்றாக எழுதுகிறவருக்குப் பொட்டலம் என்றான். ஒருவரும் எழுதவில்லை. மறுநாள் படுதாவுக்கு அடியிலிருந்து சிலேட்டுக்குப் பதிலாக ஒரு தட்டு நிறைய அல்வா வந்தது.

"இது எதுக்கு?"

"உங்க பொட்டலம் யாருக்கும் இல்லாமப் போயிடுச்சே, மனசு ஒடஞ்சிருப்பீங்கன்னு அனுப்பிக்கிறாங்க சார். சூடா கீது, துன்னுங்க" என்றாள் ஜைதூன் பீ.

மனசு ஒடிந்துதான் இருந்தது. ஆனாலும் தின்றான்.

"இடம் குடுத்துட்டேடா நீ!" என்று அத்திம்பேர் துள்ளினார். "பயம் வேணும். நேரம் முடிஞ்சும் வெளியில விடாதே. உட்கார வெச்சுடு. என் கிளாஸ்ல இதுக்கு அலறாத பையனே கிடையாது."

சுப்பராமன் மறுநாள் ரூல்தடியால் மேஜையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினான். "நாளைக்கும் தப்பாய் எழுதினால், மூணு மணியிலேர்ந்து நாலு மணி வரைக்கும் இல்லை, அஞ்சு மணி வரைக்கும் உட்கார வெச்சுடுவேன்!"

உள்ளே யாரோ யாரிடமோ குசுகுசுவென்றார்கள். நெருப்பு சரியான இடத்தில் பட்டது என்று சந்தோஷப்பட்டான்.

அடுத்த நாள் ஆறு சிலேட்டும் பளிச்சென்று துடைத்து வந்தன. ஒரு கோடு கூட இல்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டுமே! அன்றிலிருந்து வகுப்பு இரண்டு மணி நேரம் ஆயிற்று. தொண்டை கட்டி, சுக்கு கஷாயமும் கையுமாக அலைந்தான் வாத்தியார்.

வியாழக்கிழமை லூர்துமேரி ஜட்காவில் வந்து இறங்கினாள். விஷயம் தெரிந்து பீர் முஹம்மதும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஹாலில் உட்கார்ந்துவிட்டார். அந்த அம்மாள் உள்ளே போனாள். பேச்சுக்குரல் கேட்டது, தட்டு வைக்கும் சத்தம் கேட்டது, சிரிப்பு கூடக் கேட்டது. படிக்கும் குரல் மட்டும் கேட்கவில்லை.

அரைமணி கழித்து வெளியே வந்த லூர்துமேரி அவனைத் தனியாக அழைத்தாள்.

"தம்பி, எல்லாம் தங்கமான பொண்ணுங்க. என்ன உபசாரம், என்ன மரியாதை! ஆனா எழுத்துன்னு கேட்டா... ஒரு பொண்ணு புஸ்தகத்தைத் தலைகீழாப் பிடிச்சுக்கிட்டு இருந்திச்சுப்பா. நான் அவருகிட்ட என்னன்னு போய்ச் சொல்றது?"

ஒன்றும் சொல்ல வேண்டாம் என்றான் சுப்பராமன். பீர் முஹம்மது அவன் தோளைத் தட்டி, "வருத்தப்படாதீங்க சார். மெதுவாத்தான் வரும். இன்னும் ஆறு மாசம் ஆவட்டும்" என்றார். நல்ல மனுஷர். அந்த நல்ல வார்த்தைதான் அவனை இன்னும் அதிகமாகச் சுட்டது.

மறுநாள் வகுப்புக்கு முன்னாலேயே வந்து, ஹாலில் உட்கார்ந்து கடிதம் எழுதினான்.

'ஐயா, தங்கள் வீட்டு மாணவிகள் மேல் ஒரு குறையும் இல்லை. அவர்கள் கெட்டிக்காரிகள். எனக்குத்தான் சொல்லிக்கொடுக்கத் தெரியவில்லை. சாந்தோம் வேலையும் எனக்கு இல்லையென்று ஆகிவிட்டது. அது நியாயம்தான். நான் கும்பகோணத்துக்கு என் மாமாவின் காப்பி கிளப்புக்குப் போகிறேன். தயவுசெய்து இவர்களுக்கு ஒரு நல்ல வாத்தியாராகப் பார்த்து வைக்கவும்.'

கடைசி வரி எழுதும்போது கண்ணில் நீர் முட்டிவிட்டது. எட்டு வயதிலிருந்து ஆசைப்பட்ட வேலை. வெட்கத்தைப் பார்க்காமல் மேல்துண்டால் துடைத்துக்கொண்டு, கடிதத்தை நாலாய் மடித்து ஜைதூன் பீயிடம் கொடுத்தான்.

"இதை முதலாளிகிட்ட குடுத்துடு. எனக்கு ரயிலுக்கு நாழியாறது."

அவள் படுதாவை விலக்கிக்கொண்டு உள்ளே போனாள். அவன் வாசலுக்கு வந்து செருப்பை மாட்டினான். ஒரு செருப்புதான் மாட்டியிருப்பான். உள்ளே ஏதோ கசமுசவென்று சத்தம். யாரோ விசும்பினார்கள். யாரோ யாரையோ திட்டினார்கள். காகிதம் கிழிகிற சத்தம் தெளிவாகக் கேட்டது. ஜைதூன் பீ மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"சார், சார்! போயிடாதீங்க!"

"கடுதாசியை முதலாளிகிட்ட குடுத்தியா?"

"எங்க குடுக்க உட்டாங்க? ரெண்டாம் நம்பரு என் கையிலேர்ந்து புடுங்கி எல்லாருக்கும் படிச்சுக் காட்டிட்டாங்க. ஒண்ணாம் நம்பரு அளுவுறாங்க. நாலாம் நம்பரு கிழிச்சுப் போட்டாங்க."

"யார் படிச்சா?"

"ரெண்டாம் நம்பரு. காப்பி கிளப்பு வரைக்கும் ஒரு எழுத்து உடல."

சுப்பராமன் ஒற்றைச் செருப்போடு நின்றான்.

"அந்த மேரியம்மாவை நாளைக்கே திரும்பக் கூட்டியாரச் சொல்றாங்க சார். ஆறு பேரும் கடகடன்னு படிச்சுக் காட்றாங்களாம். உங்க வேலை எங்கயும் போவாதாம். ஆனா மொதலாளி கடைக்குப் போயிருக்கற நேரமாப் பாத்துக் கூட்டியாரணுமாம். அவருகிட்ட மூச்சு உடப்படாதாம்."

"அப்போ, இத்தனை நாளா...?"

ஜைதூன் பீ அவனைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

"இன்னா சார், இவ்ளோ படிச்சுக்கினு இது தெரியலயா? எழுத்து வந்துடுச்சுன்னா மறுநாளே அவங்கவங்க வூட்டுல தனித்தனியா குந்திக்கணும், அதான் ஆறு பேரும் முறை போட்டுக்கினு மறந்துக்கினு கீறாங்க!"