தாய்மாமன் இல்லாத கிரகம்

புதிதாக ஓர் உலகத்தைப் படைக்க நினைப்பவன் முதலில் சொந்தபந்தங்களோடு கலந்தாலோசிக்க வேண்டும். எழுபதுகளில், லோயர் கேம்ப் மின் நிலையத்தில் கிளார்க்காக இருந்த எனக்கு இது தெரியவில்லை. (வேறு எல்லாம் தெரியும் என்று நினைப்பு.)

எங்கள் ஊர்ப் படிப்பகத்தின் ஆண்டு விழாவில் பேசக் கூப்பிட்டார்கள். நானே கற்பனை செய்த 'தும்பர்' என்னும் வேற்றுக் கிரக இனத்தின் வரலாறும் பண்பாடும் என்று தலைப்புக் கொடுத்தேன். என் அறிவைப் பார்க்கட்டும் என்று, வாழைத் தோட்டம் வைத்திருந்த மாமாவை, அம்மாவின் ஒரே அண்ணனை, முன்வரிசையில் உட்கார வைத்தேன். அடுத்த வாரம் தங்கைக்குக் கல்யாணம். தாய்மாமன் மாலை போட்டு அழைத்து வராமல் எங்கள் வீட்டில் பெண் மணவறை ஏறாது.

தும்பருக்கு மூன்று கை. மழை பெய்தால் பாறை வெடித்துப் பிறப்பார்கள். அரசர்கள், குடியேற்றம், பெரும்பஞ்சம் என்று வெளுத்து வாங்கினேன். கூட்டத்தில் ஒருவர் எழுந்தார்.

"தம்பி, பாறையில பொறந்தா ஆத்தா ஏது? ஆத்தா இல்லேன்னா தாய்மாமன்?"

"அந்த உறவே அங்கே கிடையாது. அதனால்தான் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அங்கே சண்டையே இல்லை!"

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியேறினார். ஏதோ அவசர வேலை என்று நினைத்தேன். கல்யாணத்துக்கே வரப்போவதில்லை என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார் என்பது வீட்டில்தான் தெரிந்தது.

"ஏலே, அங்கன மாமன் இல்லாட்டிப் போகுது. இங்கன எனக்கு இருக்கிறது ஒரே அண்ணன்!" என்று அம்மா அழுதாள்.

மறுநாள் தோட்டத்துக்கு ஓடினேன். மாமா தண்ணீர் பாய்ச்சுவதை நிறுத்தவில்லை.

"மாமா, அது வெறும் கற்பனை."

"கற்பனைதான மாப்ள? காசா, பணமா? அதுல ஒரு மாமனை வைக்க ஒனக்கு மனசு வரலையே!"

வரப்பில் நின்றபடியே தும்பர் வரலாற்றைத் திருத்தினேன். பக்கத்துப் பாறையில் முந்திப் பிறந்தவரே தாய்மாமன். அவர் வந்து தொட்டால்தான் பாறையே வெடிக்கும்.

"சபையில?"

"மொத மரியாதை அவருக்குத்தான் மாமா."

"வராட்டி?"

"கல்யாணமே நின்னுபோகும்."

மாமா மம்பட்டியைக் கழுவினார். "வெவரமான சனந்தான்" என்றார்.

கல்யாணத்தன்று மாமா சீர்த்தட்டுகளோடு வந்தார். மாலை போட்டார். தங்கை மணவறை ஏறினாள். எனக்கு மூச்சு வந்தது. வெற்றிலைத் தட்டு கொடுக்கும்போது திடீரென்று மாமா கையை உயர்த்தினார்.

"தும்பர் வீட்டு மாமனுக்கும் ஒரு தட்டு எடுத்து வைங்கப்பா. தொலைவுல இருக்காக. வர முடியலேன்னா மரியாதை இல்லாமப் போயிருமா?"

மாப்பிள்ளை வீட்டார், யாரோ மலையாளத்துப் பக்கத்துச் சொந்தம் என்று நினைத்து, பழம் கூடுதலாக வைத்தார்கள்.

இன்றும் எங்கள் வீட்டு விசேஷங்களில் அந்தத் தட்டைத் தனியாக வைக்கிறார்கள். வாங்க ஆள் வருவதில்லை. பந்தி முடியும் நேரத்தில் யாராவது, "தும்பர் வீட்டாளு எங்கப்பா?" என்று சபை முழுக்கக் கேட்கும்படி கத்துவார்கள். நான்தான் எழுந்துபோய் வாங்கிக்கொள்ள வேண்டும்.